கோட்டாறு சந்தையில் சந்திக்காத இரண்டு கோடுகள்

நாகர்கோவில் மீனாட்சிபுரத்தில் ஒரு துணிக்கடை. கல்யாணத்துக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குப் புடவை எடுத்தாயிற்று. கார்டை மெஷினில் வைத்து நான்கு இலக்கத்தை அழுத்தினால் இரண்டு மூன்று நொடியில் ரசீது வந்துவிடுகிறது. அதற்குள் ஒரு செய்தி கடைக்காரரின் வங்கிக்குப் போய், அங்கிருந்து விசா அல்லது மாஸ்டர்கார்டு அல்லது ரூபே வலைக்கு ஏறி, நமக்குக் கார்டு கொடுத்த வங்கியின் கதவைத் தட்டி, ‘சரி’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு அதே வழியில் திரும்பி வந்திருக்கிறது.

ஆனால் கடைக்காரர் கணக்கில் முழுப் பத்தாயிரம் வராது. கழிவு இரண்டு சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 9,800 ரூபாய்தான் வரும். பிடித்த 200 ரூபாயில் பெரும்பங்கு நமக்குக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. ஒரு சிறு துண்டை வலைக்காரர் எடுத்துக்கொள்கிறார். மிச்சம் கடைக்காரரின் வங்கிக்கு. தன் பங்கிலிருந்து நூறு ரூபாயை எடுத்து நம் வங்கி ‘ரிவார்டு’ என்று நமக்கே திருப்பித் தருகிறது. அந்த நூறு ரூபாய் துணிக்கடைக் கல்லாவிலிருந்து கிளம்பி, மூன்று கை மாறி, நம் ஸ்டேட்மென்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இந்தப் பயணம் தெரிந்துவிட்டால், ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டா, கட்டணம் கட்டி அதிகம் திரும்பப் பெறும் கார்டா என்ற கேள்விக்கு ஒரு பிடி கிடைக்கும். இலவசக் கார்டில் வங்கி கடைக்காரரின் கழிவை வைத்தும், பாக்கி வைப்பவர்களின் வட்டியை வைத்தும் பிழைக்கிறது. கட்டணக் கார்டில் நம்மிடமும் முன்பணமாகக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, திருப்பித் தரும் விகிதத்தை உயர்த்துகிறது.

இந்த இரண்டு வகையும் கார்டின் பிள்ளைப் பருவத்திலேயே பிரிந்துவிட்டவை. 1950இல் நியூயார்க்கில் தொடங்கிய டைனர்ஸ் கிளப் சீக்கிரமே உறுப்பினர்களிடம் ஆண்டுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. ஊர் ஊராகச் சுற்றும் வியாபாரிகளுக்கான கார்டு அது. 1958இல் வந்த அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டைனர்ஸை விட ஒரு டாலர் கூடுதலாக வைத்தது. விலை கூடினால் மதிப்பும் கூடும் என்று நம்பியவர்கள் அவர்கள். அதே 1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரத்தில் சுமார் 60,000 பேருக்கு, யாரும் கேட்காமலேயே, கட்டணம் இல்லாத கார்டைத் தபாலில் அனுப்பியது. அதுதான் பிற்பாடு விசா ஆயிற்று. இந்தியாவில் 1980இல் சென்ட்ரல் பேங்க் தன் கார்டைக் கொண்டுவந்தது. வாங்கிய தொகையில் ஒரு பங்கைப் பணமாகவே திருப்பித் தருவது பெரிய அளவில் பரவியது 1986இல் அமெரிக்காவில் டிஸ்கவர் கார்டு வந்தபிறகு. அதற்கும் ஆண்டுக் கட்டணம் கிடையாது.

கழிவுக்கும் ரிவார்டுக்கும் உள்ள உறவை ஒரு நாடே சோதித்துப் பார்த்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ரிசர்வ் வங்கி, கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும் பங்கை 2003இல் சராசரி 0.95 சதவீதத்திலிருந்து சுமார் 0.55 சதவீதத்துக்குக் குறைக்க வைத்தது. அங்கே ரிவார்டு புள்ளிகள் மெலிந்தன, ஆண்டுக் கட்டணங்கள் ஏறின. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் அந்தப் பங்குக்கு 0.3 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. அங்கே கார்டுகள் இந்தியா, அமெரிக்கா அளவுக்கு வாரி வழங்காததற்கு முக்கியக் காரணம் இது.

நம் ஊரிலேயே இதன் சிறு வடிவம் இருக்கிறது. 2022இல் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயோடு இணைக்க ரிசர்வ் வங்கி வழிவிட்டது. பெட்டிக்கடை கியூஆர் அட்டையிலும் கிரெடிட் கார்டு வேலை செய்யத் தொடங்கியது. ஆனால் சிறு வணிகர்களிடம் 2,000 ரூபாய் வரையான பரிமாற்றத்துக்குக் கழிவு இல்லை. கழிவு இல்லாத இடத்தில் வங்கிக்கு வரவு இல்லை. அதனால்தான் அப்படிப்பட்ட செலவுக்குப் பல கார்டுகளில் ரிவார்டு குறைவாகவோ இல்லாமலோ இருக்கிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு வரைபடம் போடுங்கள். கிடைக்கோட்டில் ஆண்டுச் செலவு, நிலைக்கோட்டில் கையில் மிஞ்சும் ரிவார்டு. இலவசக் கார்டின் கோடு பூஜ்யத்தில் தொடங்கி மெதுவாக ஏறும். கட்டணக் கார்டின் கோடு பூஜ்யத்துக்குக் கீழே, கட்டணம் எவ்வளவோ அவ்வளவு பள்ளத்தில் தொடங்கி, வேகமாக ஏறும். எங்கோ ஓரிடத்தில் இரண்டும் வெட்டிக்கொள்ளும். அதற்கு இடப்பக்கம் செலவு செய்கிறவருக்கு இலவசக் கார்டு, வலப்பக்கம் செலவு செய்கிறவருக்குக் கட்டணக் கார்டு. வெட்டும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வகுத்தல் போதும்: கட்டணத்தை, இரண்டு கார்டின் விகித வித்தியாசத்தால் வகுக்க வேண்டும்.

நிஜக் கார்டுகளையே எடுத்துப் பார்க்கலாம். அமேசான் பே ஐசிஐசிஐ கார்டு 2018இல் வந்தது, கட்டணமே இல்லை. அமேசானில் பிரைம் சந்தா உள்ளவருக்கு 5 சதவீதம், இல்லாதவருக்கு 3 சதவீதம், வெளியே பொதுவாக 1 சதவீதம். எஸ்பிஐ கார்டு 2022இல் கொண்டுவந்த ‘கேஷ்பேக்’ கார்டுக்கு ஆண்டுக்கு 999 ரூபாய். இணையத்தில் வாங்கினால் 5 சதவீதம், கடையில் 1 சதவீதம். விகிதங்களை வங்கிகள் அவ்வப்போது மாற்றும், கணக்கின் போக்கு மாறாது. 999 ரூபாயோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் ஏறக்குறைய 1,179. அமேசானுக்கு வெளியே இணையச் செலவில் விகித வித்தியாசம் 4 சதவீதம். 1,179ஐ 0.04ஆல் வகுத்தால் 29,475. அதாவது மாதம் 2,500 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக இணையத்தில் வாங்கினாலே கட்டணம் தேறிவிடும். கேட்க மிக எளிதாக இருக்கிறது.

இப்போது கடைச் செலவைப் பாருங்கள். இங்கே 1 சதவீதம், அங்கேயும் 1 சதவீதம். வித்தியாசம் பூஜ்யம். இரண்டு கோடுகளும் ஒரே சாய்வில், ஒன்றுக்குக் கீழே 1,179 ரூபாய் தள்ளி இன்னொன்று, இணையாகவே போய்க்கொண்டிருக்கும். கோட்டாறு சந்தையில் எத்தனை மூட்டை அரிசி எடுத்தாலும், எத்தனை லட்சத்துக்கு மளிகை வாங்கினாலும் அவை சந்திக்காது. பள்ளிக்கூடத்தில் படித்த இணைகோடு நம் வீட்டு வரவுசெலவுக்குள் இப்படி வந்து நிற்பதில் எனக்கு அலுக்காத ஒரு வியப்பு உண்டு.

அப்படியானால் கேள்வியே மாறிவிடுகிறது. ‘எவ்வளவு செலவு செய்கிறேன்’ என்பதை விட, ‘எங்கே செலவு செய்கிறேன்’ என்பதுதான் பெரிது. இந்த இடத்தில் நாஞ்சில் நாட்டு வீட்டுச் செலவுக்கென்று ஒரு தனி வடிவம் இருக்கிறது.

வடசேரி கனகமூலம் சந்தையில் காய்கறி. தோவாளைப் பூ. குளச்சலிலிருந்தோ முட்டத்திலிருந்தோ காலையில் வந்திறங்கும் மீன். பால், பஸ், கோயில் வரி, சர்ச் காணிக்கை. மாதச் சீட்டு. இவை ரொக்கமாகப் போகும், அல்லது ஜிபே வழியாகப் போகும். கிரெடிட் கார்டு இவற்றைத் தொடுவதே இல்லை. பெரிய தொகைகளோ வேறு மாதிரி: பிள்ளைகளின் பள்ளி, கல்லூரிக் கட்டணம், கரண்ட் பில், பெட்ரோல், இன்சூரன்ஸ், அனந்தபுரி எக்ஸ்பிரஸ் டிக்கெட். எல்லாவற்றுக்கும் மேலே நகை. இவற்றில் பலவற்றைக் கார்டில் கட்டலாம்; ஆனால் பெரும்பாலான கார்டுகளின் விலக்குப் பட்டியலில் இவற்றில் பாதியாவது இருக்கும். ரிவார்டு கிடைக்காது, அல்லது குறைந்த விகிதத்தில் கிடைக்கும்.

வங்கிக்கு இது எப்படித் தெரிகிறது? நாம் என்ன வாங்கினோம் என்று அதற்குத் தெரியாது. கடைக்கு ஒரு நான்கு இலக்க எண் இருக்கிறது, அது தெரியும். மெஷின் கொடுக்கும்போதே கடையின் தொழிலைப் பார்த்து அதன் வங்கி அந்த எண்ணைப் பதிந்துவிடுகிறது. மளிகைக்கடை 5411, மருந்துக்கடை 5912, நகைக்கடை 5944, பெட்ரோல் பங்க் 5541, பள்ளிக்கூடம் 8211, மின்சாரமும் தண்ணீரும் 4900, பயணிகள் ரயில் 4112. கார்டுகள் ஓடும் நாடுகளில் எல்லாம் பயன்படும் எண்கள் இவை. ஒரே பற்பசையை மருந்துக்கடையில் வாங்கினால் ஒரு எண், சூப்பர் மார்க்கெட்டில் வாங்கினால் இன்னொரு எண். நம் ரிவார்டைத் தீர்மானிப்பது பற்பசை அல்ல, அந்த எண். மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்கு வகை மாற்றிப் பதிந்திருந்தால், அங்கே வாங்குகிறவருக்கு ஏன் புள்ளி விழவில்லை என்று கடைக்காரருக்கே சொல்லத் தெரியாது.

நகையில் இன்னொரு சிக்கல் உண்டு. தங்கத்தின் விலை சந்தை விலை. கடைக்காரருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் செய்கூலியிலும் சேதாரத்திலும்தான். அதற்குள் இரண்டு சதவீதம் போனால் அவருக்குத் தாங்காது. ‘‘அண்ணாச்சி, கார்டுன்னா ரெண்டு பெர்சென்ட் கூடுதலா வரும், பாத்துக்கிடுங்க’’ என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சதவீத ரிவார்டுக்காக இரண்டு சதவீதம் கூடுதலாகக் கொடுப்பது எந்தக் கார்டிலும் நஷ்டம்தான்.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். மாதச் செலவு 40,000. கார்டு விற்க வருகிறவர் ஆண்டுக்கு 4,80,000 என்று போட்டு, 5 சதவீதம் 24,000 என்று காட்டிவிடுவார். ரொக்கமும் யுபிஐயும் சீட்டும் விலக்குப் பட்டியலும் கழிந்தபின் மிஞ்சுவது மாதம் 11,000 என்று வைப்போம்: கடையில் 8,000, இணையத்தில் 3,000. இலவசக் கார்டின் 1 சதவீதத்தில் ஆண்டுக்கு 1,320 ரூபாய் வரும். கட்டணக் கார்டில் கடைச் செலவுக்கு 960, இணையத்துக்கு 1,800, ஆக 2,760. கட்டணம் 1,179 போக 1,581. ஆண்டு முழுக்க மெனக்கெட்டதற்கு மிச்சம் 261 ரூபாய். அந்த வீடு ஏற்கெனவே பிரைம் சந்தா கட்டி, இணையச் செலவில் பாதியை அமேசானிலேயே செய்கிறது என்றால், அங்கே இலவசக் கார்டும் 5 சதவீதம் தருவதால் அதன் வரவு 2,040 ஆகிவிடும். கட்டணக் கார்டு 459 ரூபாய் பின்தங்கிவிடும். இருபத்துநாலாயிரம் என்று தொடங்கிய பேச்சு இங்கே வந்து நிற்கிறது.

புள்ளிகளாகத் தரும் கார்டுகளில் இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. ‘நூறு ரூபாய்க்கு நான்கு புள்ளி’ என்றால் பெரிதாகத் தோன்றும். ஒரு புள்ளி 25 பைசா என்றால் அது அதே ஒரு சதவீதம்தான். ‘ஒவ்வொரு 150 ரூபாய்க்கும்’ என்று இருந்தால் முழு 150கள் மட்டும் கணக்கு. பேக்கரியில் 140 ரூபாய்க்கு மூன்று தடவை வாங்கினால் 420 ரூபாய் செலவு, புள்ளி பூஜ்யம். அதே 420ஐ ஒரே பில்லாகப் போட்டால் இரண்டு 150க்கான புள்ளி. சிறு சிறு பில்லாகச் செலவு செய்யும் ஊர்களில் இந்த வெட்டு பெரிது.

நம் ஊரில் இதெல்லாம் புரியாதவர்கள் அதிகம் இல்லை என்பது என் எண்ணம். ஏலச்சீட்டில் தள்ளு எவ்வளவு, கழிவு பங்கு வைத்தால் தலைக்கு எவ்வளவு, நடத்துகிறவருக்குக் கமிஷன் எவ்வளவு என்று பேனா எடுக்காமலே கணக்குப் பார்க்கிற பெண்கள் தக்கலையிலும் குழித்துறையிலும் தெருவுக்குத் தெரு உண்டு. 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் நடத்துகிறவரின் கமிஷனை 5 சதவீதத்தில் நிறுத்தியிருந்தது, 2019இல் அது 7 ஆனது. அதற்கு ஏற்றபடி அவர்கள் கணக்கு மாறியது. சீட்டிடம் கேட்கிற அதே கேள்வியைக் கார்டிடமும் கேட்கலாம்.

இனி விமான நிலைய லவுஞ்ச். கட்டணக் கார்டுகளின் மணிமகுடமாக இதைத்தான் காட்டுவார்கள். குமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. திருவனந்தபுரம் நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். வளைகுடாவில் வேலை செய்கிற மகனை ஆண்டுக்கு ஒருமுறை வழியனுப்பப் போகிற பெற்றோர் லவுஞ்சுக்குள் போக முடியாது. அது பயணம் செய்கிறவருக்கு. ஒரு லவுஞ்ச் வருகையின் விலை என்று விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகை நம் கணக்கில் சேராது. அந்த வசதி இல்லாவிட்டால் நம் கைக்காசைப் போட்டு அங்கே எவ்வளவு கொடுத்திருப்போம்? அதுதான் நமக்கு அதன் மதிப்பு. நிலையத்தில் ஒரு காபியோடு நிறுத்தியிருப்போம் என்றால், காபி விலை. மாதம் இரண்டு தடவை பறக்கும் தொழில்காரருக்கு அது வேறு தொகை. அடிக்கடி வெளிநாட்டில் செலவு செய்கிறவருக்குக் கட்டணக் கார்டு உண்மையிலேயே உதவும் ஓர் இடம் உண்டு. சாதாரணக் கார்டுகள் அந்நிய நாணயத்தில் வாங்கும்போது 3.5 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் எடுக்கும். சில உயர்வகைக் கார்டுகளில் அது 2 சதவீதம் அளவுக்கு இறங்கும். வெளிநாட்டில் ஆண்டுக்கு மூன்று லட்சம் செலவு செய்கிறவருக்கு அந்த வித்தியாசம் மட்டுமே ஒரு கட்டணத்தை ஈடுசெய்யும்.

மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது கட்டணத் தள்ளுபடி. ‘ஆண்டுக்கு இரண்டு லட்சம் செலவு செய்தால் கட்டணம் இல்லை’ என்பார்கள். 1930களில் கிளார்க் ஹல் என்ற உளவியலாளர், எலிகள் ஒரு பாதையில் உணவை நெருங்க நெருங்க வேகமாக ஓடுவதைக் கண்டார். 2006இல் ரான் கிவெட்ஸும் உடனிருந்த ஆய்வாளர்களும் காபிக்கடை அட்டைகளை வைத்து மனிதரைப் பார்த்தார்கள். பத்துக் காபிக்கு ஒன்று இலவசம் என்ற அட்டையில், முத்திரை நிறைய நிறைய ஆட்கள் அடுத்த காபியை விரைவாக வாங்கினார்கள். பன்னிரண்டு கட்டம் போட்டு இரண்டை முன்னாலேயே குத்திக்கொடுத்த அட்டையை, வெறும் பத்துக் கட்ட அட்டையை விடச் சீக்கிரம் நிரப்பினார்கள். வாங்க வேண்டிய காபி இரண்டிலும் பத்துதான்.

இரண்டு லட்சம் இலக்கில் 1,80,000 வந்துவிட்டது, கார்டு ஆண்டு முடிய ஒரு மாதம்தான் என்றால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஓணத்துக்கு எடுக்க வேண்டிய துணியை முன்கூட்டியே எடுத்தால் நஷ்டமில்லை. தேவையில்லாத 20,000 ரூபாய்ப் பொருளை 1,179 ரூபாயை மிச்சப்படுத்த வாங்கினால், எலியின் ஓட்டம் நம்மிடமும் வந்துவிட்டது.

கட்டணத்தை முன்கூட்டிக் கட்டிவிட்டால் நம் பயன்பாட்டை நாமே அதிகமாக மதிப்பிடுவோம் என்பதற்கும் சான்று உண்டு. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் உல்ரிக்கே மால்மெண்டியரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாதம் 70 டாலருக்கு மேல் கட்டி உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தவர்கள் சராசரியாக மாதம் 4.3 தடவைதான் போனார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. பத்துத் தடவைச் சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்குப் பத்து டாலர்தான். கார்டு வாங்கும் நாளில் ‘நிறையப் பயன்படுத்துவேன்’ என்று நாம் சொல்லும் சொல்லைப் போன வருஷத்து வங்கி ஸ்டேட்மென்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

இதுவரை சொன்ன எல்லாக் கணக்கும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: பில் தொகை முழுவதையும் கெடு தேதிக்குள் கட்டிவிட வேண்டும். பத்தாயிரத்துக்கு ரிவார்டு நூறு ரூபாய். அதே பத்தாயிரத்தை ஒரு மாதம் பாக்கி வைத்தால், மாதம் 3.5 சதவீத வட்டியில் 350 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி 63, ஆக 413. பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாத நாட்கள் போய்விடும். ‘மினிமம் டியூ’ கட்டினால் தாமதக் கட்டணம் தப்பும், வட்டி தப்பாது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் போட்ட உத்தரவை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. ஆகவே நாற்பது சதவீதத்தைத் தாண்டும் வட்டிக்குத் தடை ஏதும் இல்லை. ஓரிரு மாதமாவது பாக்கி வைக்கும் பழக்கம் உள்ள வீட்டில் ரிவார்டு விகிதத்தை ஒப்பிடுவதே வீண். அங்கே கட்டணமில்லாத ஒரு கார்டுகூட விலை கூடியதுதான். இதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் முழுமையாகக் கட்டுகிறவர்களின் ரிவார்டில் ஒரு பகுதி அந்த வீடுகளிலிருந்துதான் வருகிறது.

ரொக்கம் கொடுப்பவரும் இந்தச் சங்கிலியில் இருக்கிறார். கழிவை ஈடுகட்டக் கடைக்காரர் விலையைக் கொஞ்சம் ஏற்றினால், அந்த விலையை மீன்காரம்மாவும் கொடுக்கிறார், ரிவார்டு இல்லாமல். பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2010இல் அமெரிக்காவை வைத்து மதிப்பிட்டபோது, ரொக்கம் பயன்படுத்தும் ஒரு குடும்பத்திடமிருந்து ஆண்டுக்குச் சராசரி 149 டாலர் கார்டுக் குடும்பங்களை நோக்கி நகர்வதாகத் தெரிந்தது.

நாஞ்சில் நாட்டுச் சாதாரண வீட்டுக்குக் கட்டணமில்லாத ஒரு கார்டு போதும் என்பது என் தீர்ப்பு. அதற்கு வேறொரு நன்மையும் உண்டு. 300இலிருந்து 900 வரை போகும் சிபில் மதிப்பெண்ணில் கடன் வரலாற்றின் வயதும் ஒரு அம்சம். கட்டணம் இல்லாத கார்டைச் செலவில்லாமல் பல ஆண்டு வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் நிறைய வாங்குகிறவர், அடிக்கடி பறக்கிறவர், வெளிநாட்டில் செலவு செய்கிறவர் மட்டும் மேலே சொன்ன வகுத்தலைப் போட்டுவிட்டுக் கட்டணக் கார்டைச் சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் ஆண்டு இலவசம் என்று கொடுக்கும் கார்டுகளில் பதின்மூன்றாம் மாத ஸ்டேட்மென்டில்தான் கட்டணம் எட்டிப்பார்க்கும். விண்ணப்பத்தோடு ஒரு பக்கத்தில் முக்கிய விவரத்தாள் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022 விதிகளில் சொல்லியிருக்கிறது. வட்டியும் கட்டணமும் அதில் இருக்கும். வேண்டாம் என்று முடிவெடுத்தால் பாக்கியைத் தீர்த்துவிட்டு மூடச் சொல்லலாம். ஏழு வேலை நாளுக்குள் வங்கி மூடவேண்டும். தாமதித்தால் மூடும்வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் நமக்கு அபராதம் கட்டவேண்டும்.